தென்மேற்கு வாசல்

நூஸ்டா தீவு, ஷெட்லாந்து
12 அக்டோபர் 1956

அன்புள்ள கிப்பி அண்ணாவுக்கு,

ஓஸ்லா எழுதிக்கொள்வது. இந்தக் கடிதத்திலும் இனி எழுதப்போகும் எல்லாக் கடிதங்களிலும் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். கூட்டவும் மாட்டேன், மறைக்கவும் மாட்டேன். நீ உலகத்தின் அடிமுனையில் திமிங்கிலம் அறுத்துக்கொண்டிருக்கும்போது இங்கே நடப்பதை வேறு யார் சரியாகச் சொல்வார்கள்? ராஸ்மி மாமா சொன்னால் ஒரு மீன் மூன்று மீனாகிவிடும்.

அப்பாவும் நானும் சுகம். அப்பாவின் இடது தோளில் மட்டும் அதே பழைய வலி. இன்னும் கையைக் காதுக்கு மேல் தூக்க முடியவில்லை. உன் உடம்பு எப்படி? கப்பலில் வாந்தி எடுத்தாயா? உண்மையை எழுது.

பெரிய செய்தி ஒன்று. நம் கீழ் மேய்ச்சலில், கடலோரம், மழை வந்தால் ஆடுகள் போய் ஒதுங்குமே அந்தக் கல் வட்டம், அது ஒரு வீடாம். நாலாயிரம் வருஷத்துக்கு முந்தைய வீடு. போன வசந்தத்தில் நான் அதை வரைந்து எடின்பரோ அருங்காட்சியகத்துக்கு அனுப்பியது உனக்குத் தெரியாது. பதில் வந்த பிறகு சொல்லலாம் என்று இருந்தேன். பதிலுக்குப் பதில் ஆளே வந்துவிட்டார். நீ கப்பல் ஏறிய எட்டாம் நாள். பெயர் பிரிங்கிள், பழைய வீடுகளைத் தோண்டி ஆராய்கிற பேராசிரியர். இரண்டு நாள் மழையில் முட்டி போட்டுத் தவழ்ந்தார். அறுபத்து மூன்று கற்களுக்கும் நான் எண் போட்டிருக்கிறேன், முடிச்சுக் கயிறு வைத்து அளந்திருக்கிறேன். அதைப் பார்த்துவிட்டு, "அளவு எடுத்தது யாரும்மா?" என்று கேட்டார். நான் என்றேன். "என் மாணவங்களுக்கு ரெண்டு வருஷம் சொல்லிக்குடுத்தும் இப்படி வரைய வரல" என்றார். எனக்குக் காது சுட்டது.

இனி அது அரசுப் பாதுகாப்பில் உள்ள இடம். இரும்புப் பலகை நட்டிருக்கிறார்கள். கல்லை எடுப்பதும் தோண்டுவதும் குற்றம் என்று எழுதியிருக்கிறது. ராஸ்மி மாமா அதை உரக்கப் படித்துவிட்டு, "இத்தனை நாளா எனக்கு அந்த நெனப்பே வரல. பலகை வச்ச பிறகுதான் ஒரு கல்லு எடுத்துட்டுப் போலாமான்னு இருக்கு" என்றார். யாரும் சிரிக்கவில்லை. நான் மட்டும் சிரித்தேன்.

இன்னும் கேள். இந்த மாதிரி வீடுகளுக்கு ஒரே வாசல்தான் இருக்குமாம். நம் வீட்டுக்குக் கிழக்கே ஒன்று, தென்மேற்கே ஒன்று, ஆக இரண்டு. தென்மேற்கு வாசல் நாற்பத்தோராம் கல்லுக்கும் நாற்பத்திரண்டாம் கல்லுக்கும் நடுவே, இரண்டடி நாலங்குலம். வடக்குத் தீவுகளில் எங்குமே இல்லாத அதிசயம் என்கிறார். மே மாதம் மாணவர்களோடு வந்து தோண்டப் போகிறார்.

ஞாயிற்றுக்கிழமை கல்லறைத் தோட்டத்தில் அம்மாவிடம் போய்ப் புல் பிடுங்கினேன். நீ லெர்விக் நகரத்திலிருந்து வாங்கி வந்த கல் நேராக நிற்கிறது. அப்பா வழக்கம்போலத் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார்.

கையுறை போடாமல் வேலை செய்யாதே.

உன் தங்கை
ஓஸ்லா


தெற்கு ஜார்ஜியா, திமிங்கில நிலையம்
9 டிசம்பர் 1956

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

உன் கடிதம் எண்ணெய்க் கப்பலில் வந்தது. நான் நலம். அப்பாவின் தோளுக்கு ஆட்டுக்கொழுப்பைச் சூடாக்கித் தேய்த்துவிடு.

உண்மை கேட்டாயே: ஒன்பது நாள் வாந்தி எடுத்தேன். பத்தாம் நாள் எடுக்க ஒன்றும் இல்லை. இங்கே நாற்றம் எப்படி என்றால், சட்டையைத் துவைத்தால் தண்ணீருக்குத்தான் நாற்றம் ஏறுகிறது, சட்டைக்குக் குறைவதில்லை. பென்குயின் பறவைகள் நம் பாதிரியார் மாதிரியே கையைப் பின்னால் வைத்துக்கொண்டு நடக்கின்றன. ஒன்றுக்கு வணக்கம் சொல்லிவிட்டேன்.

அந்தப் பெரியவரிடம் சொல்: இரண்டாவது வாசலும் இல்லை, ஒன்றும் இல்லை. ஆடு நுழைந்து நுழைந்து உண்டான சந்து அது. தென்மேற்கில் எவன் வாசல் வைப்பான்? காற்று அடுப்பையும் கஞ்சியையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போகும். எடின்பரோக்காரருக்கு இது தெரியாது. உனக்குத் தெரிய வேண்டாமா? கல்லை விட்டுவிட்டுப் பறவைகளை வரை. உனக்குப் பறவை நன்றாக வரும்.

அம்மாவின் கல்லைச் சுற்றிப் புல் பிடுங்கினால் போதும். பின்பக்கத்துப் பாசியைச் சுரண்டாதே. பாசி இருந்தால்தான் கல்லுக்கு நல்லது.

உன் அண்ணன்
கிப்பி


நூஸ்டா
28 டிசம்பர் 1956

அன்புள்ள அண்ணா,

உன் கடிதம் இன்னும் வரவில்லை. எழுதியிருப்பாய், எங்கோ கடலில் வந்துகொண்டிருக்கும் என்று நினைத்துக்கொள்கிறேன். நாங்கள் சுகம். கூரைக்கடியில் உப்பு ஆட்டுக்கறி புகையில் காய்கிறது. உன் பங்கு தனியாக இருக்கிறது. பசுவுக்கு இருமல் நின்றுவிட்டது.

பிரிங்கிள் சாரிடமிருந்து எனக்குத் தனியாக ஒரு கடிதம். உறையில் என் முழுப் பெயர். ராஸ்மி மாமா வீட்டில் எல்லோரும் வலை பின்னிக்கொண்டிருந்தார்கள். நம் தீவின் பதினோரு வீட்டு ஆட்களும் இருந்தார்கள். அங்கேயே படித்துக் காட்டினேன். என் படம் அச்சில் வரப்போகிறது, கீழே என் பெயரோடு. லெர்விக் பெரிய பள்ளியில் எனக்கு இடம் கேட்டு அவரே எழுதப்போகிறார். மே மாதம் முதல் வேலையாகத் தென்மேற்கு வாசலைத் தோண்டுவாராம். "அது உண்மையிலேயே வாசலா, அல்லது அங்கே ஒரு கல் இருந்து யாராவது எடுத்தார்களா என்பதை மண்ணே சொல்லிவிடும்" என்று எழுதியிருக்கிறார்.

எல்லோரும் கை தட்டுவார்கள் என்று நினைத்தேன். எல்லோர் கையிலும் வலை ஊசி நின்றது. ராஸ்மி மாமாவின் மனைவி மெரன் அத்தை, "மண்ணு என்னத்தச் சொல்லும்?" என்று கேட்டார். கல் நின்ற குழியில் மண்ணின் நிறம் மாறியிருக்கும், எடுத்து எவ்வளவு நாளாயிற்று என்றுகூடச் சொல்லிவிடலாம் என்று விளக்கினேன். அப்பா ஊசியை வைத்துவிட்டு, பசுவைப் பார்த்து வருகிறேன் என்று எழுந்து போனார். பசுவைப் பார்த்துவிட்டுத்தான் அப்போது வந்திருந்தார்.

எனக்குப் பெரிய பள்ளியில் இடம் கிடைக்கப்போவதைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மெரன் அத்தை மட்டும் என் தட்டில் இரண்டு துண்டு கேக் வைத்தார். பொறாமை என்று நினைக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. வேறு என்னவென்று தெரியவில்லை.

அன்புடன்
ஓஸ்லா


நூஸ்டா
11 பிப்ரவரி 1957

அன்புள்ள அண்ணா,

உன் டிசம்பர் கடிதம் நேற்று வந்தது. அப்பாவின் தோளுக்குக் கொழுப்பு தேய்த்தேன். உடம்பளவில் நாங்கள் சுகம்தான். மற்றதை எழுத எனக்குக் கை வரவில்லை. ஆனாலும் நடந்ததை நடந்தபடி எழுதுவேன் என்று சொல்லியிருக்கிறேன்.

ஜனவரி கடைசியில் பெரும் புயல். கடல் கீழ் மேய்ச்சல் வரைக்கும் ஏறியது. கல் வீட்டில் கடலைப் பார்த்த பக்கம் நாலு கற்கள் சாய்ந்தன. இரும்புப் பலகை போன இடமே தெரியவில்லை. காற்று நின்ற திங்கட்கிழமை பள்ளி விட்டு வருகிறேன், கீழ் மேய்ச்சலில் பதினோரு வீட்டு ஆட்களும் நிற்கிறார்கள். காற்று ஒருவர் வீட்டை இடித்தால், யாரும் கூப்பிடாமலே மறுநாள் எல்லோரும் வந்து கட்டித் தருவார்களே, அப்படி. கூடையில் கல், கையில் சுத்தியல், பெண்கள் கொண்டுவந்த ரொட்டி.

அவர்கள் விழுந்த நாலு கல்லை மட்டும் எடுத்து வைக்கவில்லை. சுவர் எழுப்புகிறார்கள்.

ஓடிப்போய் நாற்பத்தோராம் கல்லின் மேல் ஏறி நின்றேன். பலகையில் என்ன எழுதியிருந்தது தெரியுமல்லவா என்று கேட்டேன். "பலகையத்தான் கடல் கொண்டு போயிருச்சே" என்றார் ராஸ்மி மாமா. சட்டத்தையுமா என்றேன்.

"இங்க பாரு புள்ள, விருந்தாளி வர்ற வீடு இது. எட்டுப் பேரு வந்து படம் புடிச்சு, நூஸ்டாக்காரன் வீடு இப்படித்தான் கெடக்குதுன்னு ஊரெல்லாம் காட்டுவான். இடிஞ்ச சுவத்தோட ஒரு வீட்ட விட்டு வச்சா, அந்த வீட்டுக்காரனுக்கு நாதியில்லன்னு அர்த்தம். நாங்கெல்லாம் எதுக்கு இருக்கோம்?"

நாலாயிரம் வருஷமாக இடிந்து கிடக்கிறதே என்றேன். "அதான் சொல்றேன், ரொம்ப லேட்டு" என்றார்.

அப்பா ஒரு கல்லை வலது கையால் நெஞ்சோடு அணைத்து எடுத்து வந்தார். அந்த இரண்டு கற்களுக்கும் நடுவே, என் தென்மேற்கு வாசலில், அதை வைக்க வந்தார். இறங்கு என்றார். நான் இறங்கவில்லை. கல்லைக் கீழே வைத்துவிட்டு, ஆட்டுக்குட்டியைத் தூக்குவது போல என்னைத் தூக்கித் தள்ளி நிறுத்தினார். கோபமாகத் தெரியவில்லை. முதல் கல்லை அவர்தான் வைத்தார். அந்த இடைவெளியைத்தான் எல்லோரும் முதலில் அடைத்தார்கள். விழுந்த பக்கத்துக்கு மறுநாள்தான் போனார்கள்.

மூன்று நாளில் முடிந்துவிட்டது. புல் கூரை வேய்ந்து, உள்ளே ஒரு பெஞ்சும் போட்டாயிற்று. அழகாக இருக்கிறது என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

தென்மேற்கில் எவன் வாசல் வைப்பான் என்று நீ எழுதியிருக்கிறாய். அதே வார்த்தையை ராஸ்மி மாமாவும் சொன்னார், நீங்கள் இருவரும் பேசி வைத்துக்கொண்டது போல.

பிரிங்கிள் சாருக்கு மூன்று முறை கடிதம் தொடங்கினேன். அனுப்பவில்லை.

ஓஸ்லா


தெற்கு ஜார்ஜியா
3 மார்ச் 1957

அன்புள்ள ஓஸ்லா,

நலம். டிசம்பர் கடிதம் கிடைத்தது.

அந்தப் பெரியவரின் கடிதங்களை இனி யார் முன்னாலும் படிக்காதே. நீ அளந்தது தப்பு, வாசல் எதுவும் இல்லை, தோண்ட வேண்டாம் என்று அவருக்கு எழுதிவிடு. பள்ளியில் இடம் வேறு வழியில் கிடைக்கும். உனக்காக நான் எதுவும் கேட்டதில்லை, இதை மட்டும் கேட்கிறேன்.

ஏன் என்று கேட்காதே.

கிப்பி


நூஸ்டா
2 ஏப்ரல் 1957

அன்புள்ள அண்ணா,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே குட்டி போடும் காலம். முதல் இரட்டைக் குட்டிகள் வந்துவிட்டன. இரண்டும் கறுப்பு.

அம்மாவின் கல்லில் பாசியைச் சுரண்டாதே என்று எழுதியிருந்தாய். ஏன் என்று யோசித்தேன். ஏன் என்று தெரியாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது, உனக்கே தெரியும். சனிக்கிழமை கயிறும் கத்தியும் எடுத்துக்கொண்டு போனேன்.

பாசிக்கு அடியில் இரண்டு சின்னக் குழிகள். கோலிக்குண்டு வைத்தால் நிற்கும் அளவு. ஒன்றுக்கொன்று ஒரு சாண். நம் கல் வீட்டில் நாற்பத்தோராம் கல்லிலும் மூன்று குழிகள் உண்டு, அதே அளவு, ஒரு சாண் இடைவெளியில், சாய்வாக இறங்கி வலது விளிம்புவரை வரும். பிறகு கல் முடிந்துவிடும், வரிசை அப்படியே நின்றுவிடும். அதை என் நோட்டில் முன்பே வரைந்திருக்கிறேன்.

அம்மாவின் கல்லின் அகலம் இரண்டடி நாலங்குலம். மூன்று முறை அளந்தேன்.

அண்ணா, அதை லெர்விக்கில் எந்தக் கடையில் வாங்கினாய்?

அப்பாவிடம் கேட்கவில்லை. அன்று மத்தியானம் சூப்பில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன். அப்பா ஒன்றும் சொல்லாமல் குடித்தார்.

ஓஸ்லா


தெற்கு ஜார்ஜியா
21 ஏப்ரல் 1957

அன்புள்ள ஓஸ்லா,

நீயும் அப்பாவும் சுகமாக இருக்க வேண்டும். உன் பிப்ரவரி கடிதம் இன்று வந்தது. கொதிகலனுக்குப் பின்னால் உட்கார்ந்து நாலு முறை படித்தேன். அந்த இடைவெளியில் முதல் கல்லை அப்பா வைத்தார் என்ற வரியைத் தாண்டிப் போக முடியவில்லை.

நீ கேட்காமலே சொல்லிவிடுகிறேன். அம்மா இறந்த நவம்பரில் நாம் நட்ட மரச்சிலுவையை முதல் காற்றே பிடுங்கிக்கொண்டு போயிற்று. உனக்கு ஒன்பது வயது. கரையெல்லாம் தேடிவிட்டு வந்து என்னிடம், "அம்மா எங்க படுத்திருக்காங்கன்னு இனிமே எப்படித் தெரியும்?" என்று கேட்டாய். அந்தப் பொட்டல் புல்லைப் பார்த்து எனக்கும் தெரியவில்லை. எல்லோரும் பக்கத்துத் தீவுக்கு ஆட்டுச்சந்தைக்குப் போன நாளில், கல் வட்டத்திலிருந்து நல்லதாக ஒன்றைப் பெயர்த்து, சறுக்குப் பலகையில் கட்டி இழுத்துப் போனேன். அப்போது அது ஆடு ஒதுங்கும் இடம், அவ்வளவுதான். லெர்விக்கில் வாங்கினேன் என்று அப்பாவிடம் சொன்னேன். எழுத்து வெட்டக் காசு போதவில்லை என்று ராஸ்மி மாமாவிடம் சொன்னேன். நம்பி, வெட்டிக் கொடுத்தார்.

அப்பா எந்தப் படகில் வந்தது என்றுகூடக் கேட்கவில்லை. தொப்பியைக் கழற்றினார். என் மகன் வாங்கி வைத்தான் என்று அவர் சொல்லுவார் என்று மூன்று வருஷம் காத்திருந்தேன். யாரிடமும் அவர் சொன்னதில்லை. இப்போது புரிகிறது. அவருக்கு முதல் நாளே தெரிந்திருக்கிறது.

அந்தப் பெரியவர் கேட்டால் என் பெயரைச் சொல். நான் எட்டாயிரம் மைல் தள்ளி இருக்கிறேன், என்ன செய்துவிடுவார்கள்? இங்கே இனிதான் குளிர்காலம்; அதற்கும் இங்கேயே இருக்கக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். மே மாதக் கப்பலில் என்னைத் தேடாதே.

கிப்பி


நூஸ்டா
27 மே 1957

அன்புள்ள அண்ணா,

கப்பல் வந்தது. நீ வரவில்லை. நீ அங்கேயே தங்கிவிட்டாய் என்று மற்றவர்கள்தான் வந்து சொன்னார்கள். அப்பா, சரி, என்றார். உன் கடிதம் எதுவும் வரவில்லை, மார்ச்சில் எழுதிய அந்தச் சின்னக் கடிதத்தைத் தவிர. உன் உடம்புக்கு ஒன்றுமில்லையே?

பிரிங்கிள் சார் போன செவ்வாய் வந்தார். ஏழு மாணவர்கள், இரண்டு கேமரா. நான் கரையிலேயே சொல்லிவிடலாம் என்று ஓடினேன். வாய் வரவில்லை. அவர் முன்னால் நடந்தார். மேட்டில் ஏறியதும் நின்றார். கீழே சுவரும் புல் கூரையும், கூரையிலிருந்து புகையும். மெரன் அத்தை உள்ளே அடுப்பு மூட்டி, விருந்தாளிகளுக்குத் தேநீர் போட்டுக்கொண்டிருந்தார்.

அவர் தொப்பியைக் கழற்றினார், சாவு வீட்டில் கழற்றுவது போல.

கையில் கோப்பையைக் கொடுத்து பெஞ்சில் உட்கார வைத்தார்கள். கூரையைப் பார்த்தார், சுவரைத் தடவினார். தேநீர் ஆறியது. "யார் இத இடிச்சது?" என்றார். கட்டியது யார் என்று அவர் கேட்கவில்லை, கவனித்தாயா? "கடல்தான் ஐயா இடிச்சுது. நாங்க பக்கத்து வீட்டுக்காரங்க" என்றார் ராஸ்மி மாமா. மாணவர் ஒருவர் சிரித்துவிட்டார். பிரிங்கிள் சார் அவரைப் பார்த்த பார்வையில் அவர் வெளியே போய்விட்டார்.

பிறகு என் நோட்டைக் கேட்டார். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். "இது மட்டும் இல்லன்னா, இந்த வீடு செத்துப்போச்சுன்னு எழுதிட்டுப் போயிருப்பேன்" என்றார். எண்ணைப் பார்த்து ஒவ்வொரு கல்லையும் பழைய இடத்தில் வைக்கலாம் என்றார், சரிந்தது சரிந்தபடி. அடுப்புக்கு எரிமண் வெட்டும் வேலை முடிந்ததும் எல்லோரும் வருவதாக ஒப்புக்கொண்டார்கள். அதன் பிறகு தென்மேற்கு வாசலைத் தோண்டுவார்.

இப்போது நான் செய்ததைச் சொல்கிறேன். நோட்டைக் கொடுக்கும் முன் ஒரு பக்கத்தைக் கிழித்தேன். அம்மாவின் கல்லின் அளவு இருந்த பக்கம். அது என் காலுறைக்குள் இருக்கிறது. எதையும் மறைக்க மாட்டேன் என்று உனக்கு எழுதியவள் நான்.

பதில் எழுது அண்ணா. எதையாவது எழுது.

ஓஸ்லா


நூஸ்டா
22 ஜூன் 1957

அன்புள்ள அண்ணா,

ஏப்ரல் கடிதம் வந்தது. அம்மா எங்கே படுத்திருக்கிறார் என்று அன்று கேட்டது நான்தான் என்பது எனக்கு நினைவே இல்லை.

வீட்டைப் பிரித்த கதையைக் கேள். பிரிங்கிள் சார் எண்ணைப் படிப்பார், நான் இடத்தைக் காட்டுவேன், ஆட்கள் கல்லைத் தூக்கி வைப்பார்கள், நான் இன்னும் ஒரு விரல் இடது என்பேன். "கட்ட மூணு நாள், இடிஞ்ச மாதிரி கட்ட ஆறு நாள். என் ஆயுசுல இவ்வளவு கவனமா எதையும் கெடுத்ததில்ல" என்றார் ராஸ்மி மாமா. ஆறாம் நாள் அப்பா வைத்த கற்கள் மட்டும் மிச்சம். அவற்றையும் எடுத்தார்கள். என் தென்மேற்கு வாசல் திறந்தது.

பிரிங்கிள் சார் குனிந்து கரண்டியால் சுரண்டினார். நிறைய நேரம் ஆகவில்லை. "இது வாசல் இல்ல. இங்க ஒரு கல் நின்னிருக்கு. எடுத்து மூணு நாலு வருஷம்தான் ஆகுது" என்று சொல்லிவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

பதினோரு வீட்டு ஆட்களும் நின்றார்கள். அப்பா கடலைப் பார்த்தார். உன் கடிதமும் அந்தப் பக்கமும் என் காலுறைக்குள் இருந்தன. எனக்குத் தெரியும் சார் என்றேன்.

"அவ சின்னப் புள்ள, கத கட்டுவா" என்றார் ராஸ்மி மாமா. என்னைப் பற்றி! மெரன் அத்தை என் தோளைப் பிடித்து இழுத்தார், சும்மா இரு என்று. நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். உனக்கு என்ன தெரியும் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. ஒருவர் முகத்திலும் ஆச்சரியம் இல்லை.

"உங்க எல்லாருக்கும் தெரியுமா?"

ராஸ்மி மாமாதான் வாயைத் திறந்தார். "நாப்பது வருஷமா கல்லு கட்டுறவன் நான். எழுத்து வெட்ட வந்த கல்லு எந்தச் சுவத்துலேருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியாதா? உனக்குத் தெரியாமப் பாத்துக்கிட்டதுதான் புள்ள எங்களுக்குப் பெரும்பாடு."

அவர்கள் சுவர் எழுப்பியது விருந்தாளிக்காகவும் இல்லை, மானத்துக்காகவும் இல்லை. டிசம்பரில் நான் அந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டிய அன்றைக்கே முடிவு செய்திருக்கிறார்கள். ஒரு இடைவெளியை மட்டும் அடைத்தால் தெரிந்துவிடும் என்று வீடு முழுவதையும் கட்டியிருக்கிறார்கள். உனக்காக, அண்ணா. எல்லாவற்றையும் பார்த்து எழுதுகிறேன் என்று அலைந்த எனக்கு மட்டும் இது தெரியவில்லை.

அப்பா பிரிங்கிள் சாரிடம் போய், "வாங்க ஐயா, என் பொண்டாட்டியப் பாத்துட்டு வரலாம்" என்றார்.

நாங்கள் மூவரும் போனோம். அவர் அம்மாவின் பெயரைப் படித்தார். பின்பக்கம் போய்க் குழிகளைத் தொட்டார். நான் அந்தப் பக்கத்தைக் கொடுத்தேன். என்ன நோய் என்று கேட்டார். நெஞ்சுச் சளி, டாக்டர் படகு வர முடியவில்லை என்று அப்பா சொன்னார். யார் எடுத்தது என்று கேட்டார்.

"நான்தான்" என்றார் அப்பா.

அப்பா பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. பிரிங்கிள் சார் அப்பாவின் இடது தோளைப் பார்த்தார். அந்தக் கை கொழுப்புத் துணிக்கட்டோடு தொங்கியது. கல்லைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். உன் பெயரைச் சொல் என்று நீ எழுதியிருந்தாய். நான் சொல்லவில்லை. அவர் தன் நோட்டில் ஏதோ எழுதினார். என்ன என்று தெரியவில்லை. கல்லை எடுத்துக்கொண்டு போவார்களா என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

ஓஸ்லா


மாணவியர் விடுதி, லெர்விக்
30 செப்டம்பர் 1957

அன்புள்ள அண்ணா,

நான் சுகம். பள்ளியில் இடம் கிடைத்துவிட்டது. இங்கே எனக்கு ஒரு கட்டிலும் பாதி மேஜையும் உண்டு. ரொட்டி நம் வீட்டு ரொட்டி போல இல்லை. அப்பா நலம். மெரன் அத்தை தினமும் சூப் கொண்டுபோய்க் கொடுக்கிறார். சமையலுக்கு அப்பாவை நம்புவதில்லை. ஜூன் கடிதத்துக்கு உன்னிடமிருந்து பதில் இல்லை. அங்கே இப்போது குளிர்காலம், கப்பல் குறைவு என்கிறார்கள். அதுதான் காரணமாக இருக்கட்டும்.

பிரிங்கிள் சார் அச்சிட்ட வரைபடம் இன்று வந்தது. நாற்பத்தொன்றுக்கும் நாற்பத்திரண்டுக்கும் நடுவே புள்ளிகளால் ஒரு கல் வரைந்திருக்கிறார். அரசுப் பட்டியலில் அதற்கு எழுதியதை அப்படியே எடுத்து எழுதுகிறேன்:

"கல் 41 அ. தீவின் கல்லறைத் தோட்டத்தில் நிற்கிறது. வீட்டுக்கு உள்ள அதே பாதுகாப்பு இதற்கும் உண்டு. இதை அகற்றுவதும் அசைப்பதும் குற்றம். எடுத்தவர்: தெரியவில்லை."

இரண்டு முறை படித்தேன். பிறகு கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

உன்னை ஒருவரும் ஒன்றும் கேட்கப்போவதில்லை அண்ணா. இத்தனை வருஷமாகக் கேட்கவில்லை, இனியா கேட்பார்கள்? வசந்தக் கப்பலில் வா.

ஒன்றை மட்டும் நான் உனக்கு இதுவரை எழுதவில்லை. எழுதக் கூடாது என்று அப்பா சொல்லியிருந்தார். நீ வராத அந்த மே மாதத்திலிருந்து, தபால் படகு வரும் ஒவ்வொரு புதன்கிழமையும் அப்பா கரைக்குப் போகிறார். மாவு மூட்டை வந்ததா என்று படகுக்காரரிடம் கேட்கிறார். நம் வீட்டில் மாவு நிறைய இருக்கிறது. எல்லோரும் இறங்கி முடிந்து, படகு திரும்பிப் போய், அது முனையைத் தாண்டும் வரைக்கும் நிற்கிறார். நான் லெர்விக் வந்த அன்று அதே படகிலிருந்து பார்த்தேன். கையசைத்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று—

மணி ஒன்பது. விளக்குகளை அணைக்கிறார்கள்.